திரும்பி வந்த மஞ்சள்

அவருடைய கைகள் முழங்கை வரைக்கும் மஞ்சளாக இருக்கும். வெள்ளிக்கிழமை பூசிக் குளித்த மஞ்சள் அல்ல. ரேகைக்குள்ளும் நகக்கண்ணுக்குள்ளும் இறங்கி, சோப்புக்கும் புளிக்கும் மசியாத மஞ்சள். பம்பாயில், வடாலாவில் நான் டைப்பிஸ்டாக வேலை பார்த்த ஏற்றுமதிக் கோடவுனில், மஞ்சள் பொறுக்கும் பெண்களுக்கு அவர்தான் தலைவி. முதலாளி சேட் அவரை ஹல்தி பாயி, அதாவது மஞ்சள்காரி, என்று கூப்பிடுவார். தாராவியிலிருந்து வேலைக்கு வரும் திருநெல்வேலிப் பெண்கள் எல்லோருக்கும் அவர் மதினி. நான் எந்த முறையும் வைக்காமல் 'நீங்கள்' என்ற ஒரே சொல்லில் மூன்று வருஷத்தை ஓட்டிவிட்டேன். மாதுங்காவில் வளர்ந்த பாலக்காட்டுப் பெண்ணுக்கு அன்றைக்கு அவ்வளவுதான் தைரியம் இருந்தது.

வயது நாற்பதுக்கு மேல் இருக்கும். உயரம் குறைவு. பேச்சும் குறைவு. ஒரு காரியத்தைக் கையில் எடுத்தால் அது முடியும்வரை அவருக்கு வேறு சிந்தனை கிடையாது. நான் சேர்ந்த புதிதில் பெண்கள் தண்ணீர் குடிக்கத் தெருமுனைக்குப் போகவேண்டியிருந்தது. ஆபீஸ் பக்கம் குழாய் உண்டு. அவர்களுக்கு அங்கே அனுமதி இல்லை. இவர் போய்ச் சேட்டிடம் கேட்டார். பார்க்கலாம் என்றார் சேட். மறுநாள் காலை சேட்டின் கார் வந்து நின்றதும் இவர் கதவருகே போய் நின்று, "சேட், பானி" என்றார். இரண்டே வார்த்தை. அதற்கு மறுநாளும் அதே இடம், அதே வார்த்தை. குரலை உயர்த்தவில்லை, கெஞ்சவில்லை, கோபப்படவும் இல்லை. ஒரு மாதத்துக்கு மேல் இது நடந்தது. கடைசியில் பொறுக்கும் கொட்டகையில் குழாய் போட்டுக் கொடுத்துவிட்டு, இனியாவது காரைவிட்டு நிம்மதியாக இறங்கலாம் என்று சேட் எங்களிடம் சிரித்தார். இவர் சிரிக்கவில்லை. குழாயைத் திறந்து பார்த்தார், தண்ணீர் வந்தது, மூடிவிட்டு வேலைக்குப் போனார்.

மழைக்காலத்தில் ஒருநாள் கிங்ஸ் சர்க்கிளில் இடுப்பளவு தண்ணீர். டிராம் இல்லை. நான் வீட்டிலேயே இருந்துவிட்டேன். மறுநாள் போனபோதுதான் தெரிந்தது, அவர் ஆறு பெண்களைக் கைகோர்த்துக் கூட்டிக்கொண்டு தாராவியிலிருந்து அந்தத் தண்ணீரில் நடந்தே வந்திருக்கிறார். போர்க்காலத்தில் துறைமுக டாக்கில் கப்பல் வெடித்த நாளில் ஆடிப்போன தகரக்கூரை எங்களுடையது. எந்த மூலையில் ஒழுகும் என்று அவருக்குத் தெரியும். நனையவிருந்த மூட்டைகளை எல்லாம் நகர்த்திவிட்டு, மறுபடி தண்ணீரிலேயே திரும்பிப் போயிருக்கிறார்கள். யாரும் வரச் சொல்லவில்லை.

இப்படிப்பட்டவர் கை வைத்த மஞ்சளுக்குச் சந்தையில் பெயர் இருந்ததில் ஆச்சரியமில்லை. காய்ந்த விரலி மஞ்சளைப் பெரிய மர உருளையில் போட்டுச் சுற்றி மெருகேற்றுவார்கள். சும்மா சுற்றினால் தோல் உதிர்ந்து மங்கலான, மண்ணும் மஞ்சளும் கலந்த நிறம் வரும். பளபளப்பு வேண்டுமானால் கடையில் விற்கும் மஞ்சள் சாயப்பொடியைச் சேர்க்கவேண்டும். எல்லாக் கோடவுன்களிலும் அதுதான் வழக்கம். எங்கள் கோடவுனில் அதைச் சேர்ப்பவர் இவர். ஒரு மூட்டைக்கு எத்தனை கை, பொடி ஒட்டுவதற்கு எத்தனை சொட்டு விளக்கெண்ணெய் என்பதெல்லாம் அவராகக் கண்டுபிடித்த கணக்கு. பதினொரு வருஷமாக அந்தக் கணக்கு தப்பியதில்லை. பொன் வார்த்த மாதிரி வருகிறது என்று தரகர்கள் சொல்லும்போது மட்டும் அவர் முகத்தில் ஒரு சின்னப் பெருமை தெரியும்.

போர் முடிந்து கப்பல்கள் மறுபடி ஒழுங்காகப் போகத் தொடங்கியதும் சேட்டுக்கு அமெரிக்காவிலிருந்து ஒரு பெரிய ஆர்டர் வந்தது. அதற்கான கடிதங்களை நான்தான் டைப் செய்தேன். இரண்டு மாதம் இரவல் ஆட்களையும் வைத்துப் பொறுக்கி, மெருகேற்றி, புதுச் சாக்கில் கட்டி, கறுப்பு மையில் குறி குத்தி அனுப்பினோம். கடைசி லாரி போனபோது அவர் வாசலில் நின்று பார்த்தார். தான் பார்த்தே இராத ஓர் ஊரில் தன் மஞ்சளை விற்கப்போகிறார்கள் என்பது அவருக்கு வேடிக்கையாக இருந்திருக்கவேண்டும். அந்த ஊரில் மஞ்சளை எதற்கு வாங்குகிறார்கள், குழம்புக்கா என்று என்னிடம் கேட்டார். எனக்கும் தெரியவில்லை.

சில மாதம் கழித்துத் தந்தி வந்தது. பின்னாலேயே கடிதமும் வந்தது. நியூயார்க் துறைமுகத்தில் சர்க்கார் ஆட்கள் சரக்கிலிருந்து மாதிரி எடுத்துச் சோதித்திருக்கிறார்கள். மொத்தச் சரக்கையும் ஊருக்குள் விட மறுத்துவிட்டார்கள். ஒன்று அழிக்கவேண்டும், அல்லது திருப்பி எடுத்துப் போகவேண்டும். சேட் திருப்பி வரவழைத்தார். குறி குத்திய அதே மூட்டைகள் லாரி லாரியாக எங்கள் வாசலிலேயே வந்து இறங்கின.

சேட் கெட்ட மனிதர் அல்ல; காரியக்காரர். ஒரே வாரத்தில் இரண்டு உத்தரவு போட்டார். முதலாவது, இனி அமெரிக்காவுக்குப் போகும் மஞ்சளில் ஒரு துளி பொடியும் சேரக்கூடாது. அதற்குத் தனியாகப் புது உருளை. இரண்டாவது, திரும்பி வந்த மூட்டைகளைப் பிரித்து, குறியில்லாத பழைய சாக்குகளில் மாற்றிக் கட்டவேண்டும். மாதுங்கா, தாதர், செம்பூர்க் கடைகளுக்கும் வெளியூருக்கும் தரகர்கள் எடுத்துக்கொள்வார்கள்.

அன்று மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் அவர் என் மேஜைக்கு வந்தார். மாடியில் இருந்த ஆபீஸ் அறைக்கு அவர் ஏறி வந்தது அதுதான் முதல் தடவை.

"அமெரிக்காக்காரவ என்ன எழுதியிருக்காவம்மா? ஒரு எழுத்து விடாம வாசிங்க."

எனக்குப் பயம்தான். அப்பா போனபிறகு என் சம்பளத்தில்தான் வீடு நடந்தது. ஆனாலும் அவர் நின்ற விதத்தைப் பார்த்தால், வாசிக்காவிட்டால் நாளைக்கும் இதே நேரத்துக்கு வந்து நிற்பார் என்று தெரிந்தது. ஃபைலை எடுத்து ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். மேலே பூசிய நிறப்பொடியில் ஈயம் இருக்கிறது. மனிதர் உண்ணத் தகுதியற்றது. வாங்க இருந்த கம்பெனிக்காரர் தன் ரசாயன நிபுணர் எழுதிய குறிப்பையும் இணைத்திருந்தார். ஈயம் உடம்பில் சேர்ந்தால் நாளடைவில் கடுமையான வயிற்றுப் பிடிப்பு வரும், சோகை வரும், பல் ஈறில் கருநீலமாக ஒரு கோடு விழும்.

அந்தக் கடைசி வரியைத் திரும்ப வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். இன்னொரு தடவை என்றார்.

"மனுசரு திங்க ஆகாதுன்னு போட்டிருக்கே, அது வெள்ளக்கார மனுசருன்னு போட்டிருக்கா? இல்ல, பொதுவா மனுசருன்னு போட்டிருக்கா?"

"பொதுவாத்தான் போட்டிருக்கு."

"சரி" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

ஜன்னல் வழியே கீழே பார்த்தேன். உருளை அறையில் வேலை செய்யும் நான்கு பெண்களையும் வெளிச்சத்துக்குக் கூப்பிட்டு, ஒவ்வொருவரையும் வாயைத் திறக்கச் சொல்லி, உதட்டை விரலால் இழுத்துப் பார்த்தார். அந்தப் பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சாக்கின் மேல் சுருண்டு கிடப்பதை நாங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறோம். பழைய சோறு ஒத்துக்கொள்ளவில்லை என்று அவர்களும் சொல்வார்கள், நாங்களும் நம்புவோம். கடைசியாக அவர் குழாயடிக்குப் போனார். அங்கே ஒரு கண்ணாடித் துண்டு மாட்டியிருந்தது. தன் உதட்டையும் இழுத்துப் பார்த்தார். என்ன பார்த்தார் என்று யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் அவர் மூட்டை மாற்றிக் கட்ட மறுத்தார். பெண்கள் யாரும் சாக்கைத் தொடவில்லை. சேட் பொறுமையாகவே பேசினார். இந்த ஊர் ஜனம் தலைமுறையாக இதைத்தானே சாப்பிடுகிறது, யார் செத்தார்கள், மங்கலான மஞ்சளைக் கொடுத்தால் கடைக்காரனே திருப்பி அனுப்புவான் என்றார். இவர் தன்னுடைய பம்பாய் இந்தியில் ஒரே பதிலைத் திருப்பித் திருப்பிச் சொன்னார்: பொடி போட்டது என் கை, இனிமேல் போடாது, போட்டதை விற்கவும் விடாது. சேட் அவரையும் உருளை அறைப் பெண்களையும் வேலையிலிருந்து நீக்கினார். மற்றவர்களைக் கணக்குப்பிள்ளை மிரட்டி உட்காரவைத்தார். வெளியிலிருந்தும் ஆட்களைக் கொண்டுவந்து மூட்டை கட்டினார்கள். முதல் லாரி அன்று சாயங்காலமே புறப்பட்டுவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை அவர் மாதுங்காவில் எங்கள் வீட்டுக்கு வந்தார். வாசலிலேயே நின்றார். அந்தக் கடிதத்தின் நகல் ஒன்று வேண்டும் என்று கேட்டார். அம்மா காபி கொண்டுவந்தாள். எங்கள் டபராவில் அல்ல, வேலைக்காரிக்கு வைத்திருந்த அலுமினியக் குவளையில். அவர் அதைப் பார்த்தார். குடித்தார். கழுவிக் கவிழ்த்தார். பிறகு விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்ந்தார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. திங்கட்கிழமை, சேட் வருவதற்கு முன்னால், அந்தக் கடிதத்தையும் நிபுணரின் குறிப்பையும் உட்கார்ந்து டைப் செய்தேன். கம்பெனியின் பெயர், கப்பலின் பெயர் எதையும் விடவில்லை. என் வாழ்க்கையில் அவ்வளவு வேகமாக நான் டைப் அடித்ததில்லை.

அந்தத் தாளை நான்காக மடித்து, ஒரு கண்ணாடி டம்ளரையும் ஒரு பித்தளைச் செம்பையும் பையில் போட்டுக்கொண்டு அவர் கிளம்பினார். மாதுங்கா மார்க்கெட்டில் பலசரக்குக் கடை வைத்திருந்தவர்களில் பாதிப்பேர் அவருடைய திருநெல்வேலிச் சீமைக்காரர்கள். முதல் கடையில் விரட்டிவிட்டார்கள். இரண்டாவது கடையில் நடந்தது எனக்கு நேராகத் தெரியும், நான் அங்கே அம்மாவோடு சாமான் வாங்க நின்றிருந்தேன்.

"யாவாரத்தக் கெடுக்க வந்தியளா மதினி?" என்றார் கடைக்காரர்.

"கெடுக்க வரல அண்ணாச்சி. என் கையால ஒண்ணும் செய்ய மாட்டேன். நீங்களே ஒரு விரலி மஞ்சள எடுத்து, சுரண்டித் தண்ணியில போடுங்க."

கூட்டம் பார்த்துக்கொண்டிருந்ததால் கடைக்காரரால் மறுக்க முடியவில்லை. கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றி, புதிதாக வந்த மூட்டையிலிருந்து ஒரு விரலியை எடுத்து, கத்தியால் மேலே சுரண்டிப் போட்டார். பொடி கரையவில்லை, மிதக்கவும் இல்லை. வண்டல் போலக் கனத்துக் கீழே போய்ப் படிந்தது. மேலே தண்ணீர் தெளிவாகவே இருந்தது. பிறகு அவர் தன் முந்தானையிலிருந்து பொடி சேராத ஒரு மங்கலான மஞ்சளை எடுத்துக் கொடுத்து இதையும் சுரண்டுங்கள் என்றார். அது சீவலாக மிதந்து, தண்ணீரை மெல்ல மெல்ல நிறம் மாற்றியது. கைக்குழந்தையோடு நின்ற ஒரு பெண், தன் பையிலிருந்த மஞ்சள் பொட்டலத்தை எடுத்து மெதுவாகக் கடைப்பலகையின் மேல் வைத்துவிட்டுப் போனாள். கடைக்காரர் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். என் அம்மாவும் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தத் தாளைக் கடைக்காரர் கேட்டு வாங்கிப் படித்தார். அவருக்கு ஆங்கிலம் எவ்வளவு தெரியுமோ தெரியாது. ஆனால் டைப் அடித்த ஆங்கிலக் கடிதத்துக்கு அன்று ஒரு தனி மரியாதை இருந்தது.

அதன்பிறகு தினமும் அவர் நடந்தார். மாதுங்கா முடிந்து தாதர், தாதர் முடிந்து வடாலா, பிறகு செம்பூர். வேலை இல்லை. தாராவியில் அவரும் உருளை அறைப் பெண்களும் அப்பளம் உருட்டி வயிற்றைக் கழுவினார்கள் என்று கேள்விப்பட்டேன். திட்டினவர்கள் உண்டு. அமெரிக்காவில் வேண்டாம் என்றால் நமக்கென்ன, அவர்கள் மாட்டிறைச்சி தின்கிறவர்கள் என்று ஒரு கடைக்காரர் சொன்னாராம். இவர் டம்ளரைக் கழுவிக்கொண்டு அடுத்த கடைக்குப் போனாராம். சில கடைகளுக்கு நான்கு முறை, ஐந்து முறை போயிருக்கிறார். தரகர்கள் மூட்டைகளைத் திருப்பிக் கொண்டுவரத் தொடங்கினார்கள்.

சேட் ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, கடிதம் எப்படி வெளியே போனது என்று கேட்டார். தெரியாது என்றேன். என் முகத்திலேயே பொய் எழுதியிருந்திருக்கும். அவர் தாராவிக்கு ஆளனுப்பி ஹல்தி பாயியையும் வரவழைத்து எனக்கு முன்னாலேயே கேட்டார். துறைமுகத்தில் மூட்டை இறக்கிய ஆட்கள் சொன்னார்கள், தாளை அவர்கள்தான் வாங்கிக் கொடுத்தார்கள் என்று அவர் கண் இமைக்காமல் சொன்னார். என் பக்கம் திரும்பவே இல்லை. அவர் பொய் சொல்லி நான் கேட்டது அந்த ஒருமுறைதான்.

அதற்குள் அமெரிக்கக் கம்பெனி மறுபடி எழுதியிருந்தது. இன்னொரு வாய்ப்பு தருவதாகவும், நிறம் சேராத மஞ்சள், பூச்சியரித்ததும் பூசணம் பிடித்ததும் ஒன்றுகூட இல்லாமல் கையால் பொறுக்கியது வேண்டும் என்றும் கேட்டிருந்தார்கள். கப்பலுக்கு நாள் குறித்தாகிவிட்டது. பொடி போட்டால் எந்தக் குறையும் மறைந்துவிடும். பொடி இல்லாமல் ஒவ்வொரு விரலியும் தன் குறையோடு தெரியும். புதிய ஆட்கள் பொறுக்கிய மூட்டையைச் சேட் தானே பிரித்துப் பார்த்துவிட்டு, தலையில் கை வைத்துக்கொண்டார். ஹல்தி பாயியைக் கூப்பிடக் கணக்குப்பிள்ளை தாராவிக்குப் போனார்.

அவர் வந்தார். உருளை அறைப் பெண்களும் வந்தார்கள். ஆனால் வேலைக்கு உட்காரவில்லை. கார் நிற்கும் இடத்தில் நின்றார்.

"சேட், ஏக் டிரம்" என்றார்.

எனக்கு முதலில் புரியவில்லை. சேட்டுக்குப் புரிந்துவிட்டது. கப்பலுக்கு ஓர் உருளை, ஊருக்கு ஓர் உருளை என்று இருக்கக்கூடாது. ஒரே உருளை, ஒரே மஞ்சள். சேட் நஷ்டத்தைச் சொன்னார், மற்ற கோடவுன்காரர்கள் தன்னை விழுங்கிவிடுவார்கள் என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. இவர் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை. மறுநாளும் வந்து நின்றார். கப்பல் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. நான்காம் நாள் சேட் காரைவிட்டு இறங்காமலே, பழைய உருளையை உடைத்து விறகுக்குப் போடச் சொல்லுங்கள் என்று கணக்குப்பிள்ளையிடம் சொன்னார். திரும்பி வந்த மூட்டைகளை, துணி தோய்க்கும் ஒரு சாயப்பட்டறைக்குக் கிடைத்த விலைக்குக் கொடுத்தார். அந்த லாரிகளில் சரக்கின் மேல் ஏறி உட்கார்ந்து, பட்டறை வாசலில் ஒவ்வொரு மூட்டையும் இறங்கும்வரை பார்த்துவிட்டுத்தான் இவர் திரும்பினார்.

அந்த முறை போன சரக்கை நியூயார்க்கில் ஏற்றுக்கொண்டார்கள். தந்தி வந்ததை ஓடிப்போய்ச் சொன்னேன். நல்லது என்றார். அவர் முகத்தில் சந்தோஷம் இல்லை.

"மொத லாரி போச்சே, அது எங்க போச்சும்மா?"

பெண்கள் மறுத்த நாளில் சாயங்காலமே புறப்பட்ட லாரி. ஃபைலில் தேடினேன். ஷோலாப்பூர் பக்கம் ஒரு சந்தை ஊர் வியாபாரிக்கு முப்பது மூட்டை போயிருந்தது. அவர் மறுநாளே ரயிலேறினார். அந்தப் பக்கம் அவருக்கு ஒருவரையும் தெரியாது. மராத்தியும் அரைகுறைதான். எட்டு நாள் கழித்து வந்தார். அந்த வியாபாரியிடம் இருபத்திரண்டு மூட்டை விற்காமல் இருந்திருக்கிறது. டம்ளரில் போட்டுக் காட்டியதும் அந்த மனிதர் வாதாடாமல் திருப்பி அனுப்ப ஒப்புக்கொண்டாராம். மீதி எட்டு மூட்டை சுற்றுக்கிராமத்துக் கடைகளுக்குப் போய்விட்டது. யார் யாருக்கு என்று எழுதி அனுப்புகிறேன் என்று சொன்னாராம்.

எழுதவில்லை. ஒரு மாதம் பொறுத்து அவர் ஒரு தபால் கார்டோடு என் மேஜைக்கு வந்தார். எட்டு மூட்டை எந்தெந்த ஊருக்குப் போனது என்று தயவுசெய்து எழுதவும், வாங்கினவர்களிடம் தின்ன வேண்டாம் என்று சொல்லவும் என்று அவர் சொல்ல நான் இந்தியில் எழுதினேன். பதில் இல்லை. அடுத்த மாதம் முதல் தேதி இன்னொரு கார்டு. அதே வாசகம், ஒரு சொல் கூடவோ குறையவோ விடமாட்டார். இந்நேரம் எல்லாவற்றையும் தின்று தீர்த்திருப்பார்களே என்று நான் ஒருமுறை சொல்லிப்பார்த்தேன்.

"தின்னுட்டா என்ன, எதத் தின்னோம்னு தெரிய வேண்டாமா? வயித்து வலி வந்தா சோத்தத்தான சந்தேகப்படுவாவ" என்றார்.

ஒன்றரை வருஷம் எழுதினோம். பிறகு எனக்குக் கல்யாணம் நிச்சயமாகி, டெல்லிக்குப் போகவேண்டியிருந்ததால் வேலையை விட்டேன். கடைசி நாள், எனக்குப் பதிலாக வருகிற டைப்பிஸ்டுக்குத் தமிழ் தெரியாது என்பது நினைவுக்கு வந்தது. தபாலாபீஸுக்குப் போய்ப் பன்னிரண்டு கார்டு வாங்கி வந்து, எல்லாவற்றிலும் அந்த வாசகத்தையும் முகவரியையும் எழுதி, மாதத்துக்கு ஒன்றாகப் பெட்டியில் போட்டுக்கொள்ளுங்கள் என்று கீழே கொண்டுபோய்க் கொடுத்தேன். பொறுக்கிக்கொண்டிருந்தவர் கையைச் சேலையில் துடைத்துவிட்டு வாங்கி, ஒவ்வொன்றாக எண்ணினார்.

"பத்தாதும்மா" என்றார். "இன்னும் எழுதுங்க."